சார்ஜ் நிக்குதில்லை: போன் பற்றரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, ரீலோட், போனுக்குக் கவர், கண்ணாடி ஒட்டுவது, பற்றரி மாற்றுவது. ரீலோட் போட வருகிறவர்கள் மிச்சக் காசை வாங்கிய பிறகும் போகாமல் நின்று கேட்பது ஒன்றுதான்: "சார்ஜ் நிக்குதில்லை, என்ன செய்யலாம்?" ஒரே பதிலை ஒரு நாளில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "சார்ஜ் நிக்குதில்லை" என்பதற்குள் இரண்டு வேறு முறைப்பாடுகள் இருக்கின்றன. காலையில் போட்ட சார்ஜ் பின்னேரம் வரை தாங்கவில்லை என்பது ஒன்று. வாங்கி இரண்டு வருடத்தில் பற்றரியே செத்துவிட்டது என்பது மற்றது. முதலாவதற்குத் திரையையும் சிக்னலையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குச் சூட்டைப் பார்க்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் முக்கால்வாசிப் பேர் தேவையில்லாத வேலை எல்லாம் செய்கிறார்கள்.

"புதுப் போன் தம்பி. முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஓன் பண்ண வேணுமாமே?"

தேவையில்லை. அது பழைய நிக்கல் பற்றரிகளின் காலத்துப் பழக்கம். இப்போது எல்லாப் போனிலும் இருப்பது லிதியம் அயன் பற்றரி. 1991இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூன்று பேருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பாதியளவு சார்ஜ் இருக்கும். எடுங்கள், பாவியுங்கள்.

"முழுசா இறங்கின பிறகு போடுறதா, இடைக்கிடை போடுறதா?"

இடைக்கிடை போடுவதுதான் நல்லது. முழுதாக இறக்கி முழுதாக ஏற்றாவிட்டால் பற்றரி "பழகிவிடும்" என்று அப்பா காலத்தில் சொன்னது நிக்கல் காட்மியம் பற்றரிக்குச் சரி. லிதியத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது. மாறாக, பூச்சியம் வரை இறக்குவதுதான் அதற்குப் பிடிக்காதது.

அடிக்கடி சார்ஜ் போட்டால் ஆயுள் எண்ணிக்கை குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். எண்ணிக்கை அப்படி ஓடுவதில்லை. இன்றைக்கு 50 வீதம் பாவித்து ஏற்றி, நாளைக்கும் 50 வீதம் பாவித்து ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. பிளக்கில் எத்தனை தரம் குத்தினீர்கள் என்பது கணக்கில்லை. ஐபோன் 14 வரையான போன்கள் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும், 15 முதல் வந்தவை 1000 சுற்றுக்குப் பிறகும் 80 வீதக் கொள்ளளவை வைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது.

"ராத்திரி போட்டுட்டுப் படுத்தா கூடச் சார்ஜ் ஏறி ஊதிடாதா?"

கூட ஏறாது. நிரம்பியதும் போனே நிறுத்திக்கொள்ளும். ஏறுகிற விதத்தை, பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸை வைத்துச் சொன்னால் விளங்கும். பஸ் காலியாக இருக்கும்போது ஆட்கள் கெதியாக ஏறி இருந்துவிடுவார்கள். சீட் நிரம்பிய பிறகு கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்தித் தள்ளினால்தான் ஒவ்வொருவராக ஏறலாம். பற்றரியும் அப்படித்தான். 80 வீதம் வரை வேகமாக ஏறும், அதன்பிறகு ஆறுதலாக. முழுக்க நிரம்பிய பஸ்தான் அதிகம் நசிபடும். நூறிலேயே மணிக்கணக்காக நிற்பது பற்றரிக்குக் கொஞ்சம் அழுத்தம்தான். ஆனால் அது ஆயுளை மெல்ல மெல்லத் தேய்க்கும் விஷயம், இரவோடிரவாக ஊதும் விஷயம் இல்லை.

உண்மையான பிரச்சினை போன் எங்கே கிடக்கிறது என்பது. பக்கத்து மாடிவீட்டு அன்ரி ஒருவர், ஆறு மாதத்தில் பற்றரி விழுந்துவிட்டது என்று கொண்டுவந்தார். எங்கே வைத்துச் சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டேன். "ரூட்டருக்கு மேலதான், அங்கதான் பிளக் கிட்ட." பிறகு ஒரு நாள் வைஃபை பார்க்கப் போனபோது கண்டேன். சூடான ரூட்டர், அதற்கு மேல் பின்னல் விரிப்பு, அதற்கு மேல் தடித்த கவருடன் போன். தொட்டால், ஊற்றி ஐந்து நிமிடமான தேத்தண்ணிக் கோப்பை மாதிரி இருந்தது. தலையணைக்குக் கீழே வைப்பதும் இதே கதைதான், நெருப்புப் பயமும் சேர்ந்தது. மேசையில், வெறும் பலகையில் வையுங்கள். சூடாகிற போன் என்றால் சார்ஜ் நேரம் கவரைக் கழற்றிவிடுங்கள்.

"எண்பதில நிப்பாட்டச் சொல்றாங்க. அப்ப மிச்ச இருபதுக்கு நான் குடுத்த காசு?"

நியாயமான கேள்வி. ஐபோன் 15 முதல் வந்தவற்றிலும், சாம்சங், பிக்சல் போன்றவற்றின் புதிய போன்களிலும் 80இல் நிறுத்தும் வசதி செட்டிங்ஸ் பற்றரிப் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் உதாரணத்தை நினைத்துக்கொண்டால் ஏன் என்று தெரியும்.

ஆனால் எல்லாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். வீட்டிலோ அலுவலகத்திலோ பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறவர், போனை நாலைந்து வருடம் வைத்திருக்க நினைக்கிறவர் என்றால் போடுங்கள், நல்லது. காலையில் இறங்கினால் இரவுதான் வீடு என்கிறவர் நூறு வரை ஏற்றிக்கொண்டு போங்கள். இரண்டு வருடத்துக்கொரு முறை போன் மாற்றுகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். வேண்டிய நேரம் சார்ஜ் இல்லாமல் நடுரோட்டில் நிற்பதற்காக யாரும் பற்றரியைப் பாதுகாப்பதில்லை.

"காலையில நூறு. ஒரு கோல் கூட எடுக்கேல்லை, மத்தியானம் நாப்பது. எங்க போகுது?"

முதலில் செட்டிங்ஸில் பற்றரிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஆப் எவ்வளவு சாப்பிட்டது என்று போனே பட்டியல் போட்டு வைத்திருக்கும். என்னிடம் கேட்பதைவிட அது சரியான பதில். பெரும்பாலும் மேலே இருப்பது திரையும், வீடியோ ஓடும் ஆப்களும்.

பட்டியலில் கண்ணுக்குப் படாத கள்ளன் ஒருவன் உண்டு: மெலிந்த சிக்னல். கோபுரம் தூரமாகவோ சுவர் தடிப்பாகவோ இருந்தால் போன் சத்தமாகக் கத்திக் கதைக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டும். கெய்சர் வீதியில் துணிக்கடை ஒன்றின் பின்பக்கக் களஞ்சியத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வருவார். போனைத் தொடக்கூட நேரமில்லாத வேலை, ஆனால் இரண்டு மணிக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். அங்கே ஒரு கோடுதான் சிக்னல், அதுவும் இரண்டு சிம்முக்கும். இரண்டும் நாள் முழுக்கக் கோபுரம் தேடிக்கொண்டிருந்தன. கடையின் வைஃபையில் இணைத்து, பாவிக்காத இரண்டாவது சிம்மை நிறுத்தச் சொன்னேன். இப்போது வீடு போகும்வரை தாங்குகிறதாம். சிக்னலே இல்லாத இடத்தில் மணிக்கணக்காக இருப்பதென்றால் பிளைட் மோட்தான் ஒரே வழி.

அதற்கு அடுத்தது லொகேஷன். எல்லா ஆப்புக்கும் "எப்போதும்" என்று அனுமதி கொடுத்திருப்போம். வரைபடத்துக்கும் வாடகை வாகன ஆப்புக்கும் "பாவிக்கும்போது மட்டும்" என்று மாற்றினால் போதும்.

"பின்னால ஓடுற ஆப் எல்லாத்தையும் தள்ளித் தள்ளி மூடுறன். நல்லதுதானே?"

கை நோகிறது என்பதைத் தவிர ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் பட்டியலில் தெரிகிற ஆப்களில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருப்பதில்லை, உறைந்து கிடக்கின்றன. மூடிவிட்டுத் திரும்பத் திறக்கும்போது முதலிலிருந்து எழுப்ப வேண்டும், அதற்குத்தான் கூடச் செலவு. 2015இல் வந்த அன்ட்ரொயிட் 6 முதல், போன் அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளைத் தானே தூங்கவைக்கும் ஏற்பாடு உள்ளது. ஒரு ஆப் உண்மையில் தொல்லை கொடுத்தால், மேலே சொன்ன பற்றரிப் பக்கத்தில் அதைப் பிடித்து பின்னணி ஓட்டத்தை நிறுத்துங்கள், அல்லது அழித்துவிடுங்கள்.

அப்புறம், "பற்றரி சேவர்", "கிளீனர்" என்று விளம்பரத்தோடு வரும் ஆப்கள். நான் கண்ட கூடாத ஆப்களில் பாதி அவைதான்.

"டார்க் மோட் போட்டா உண்மையிலயே மிச்சம் வருமா?"

ஓலெட் திரை என்றால் வரும். அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் ஓலெட் போன்களை அளந்து பார்த்தது. வெளிச்சம் முழுதாக இருக்கும்போது 39 முதல் 47 வீதம் வரை மிச்சம். நாம் வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 வீத வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9 வீதம்தான். ஆக, முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். திரை 120 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 தரம் புதுப்பித்துக்கொண்டு ஓடினால் 60க்கு இறக்குங்கள், கண்ணுக்குப் பழகிவிடும்.

"பாஸ்ட் சார்ஜர் பற்றரியை அரிக்குமாமே நானா?"

அரிப்பது வேகம் இல்லை, வேகத்தோடு வருகிற சூடு. சார்ஜரும் போனும் முதலில் தங்களுக்குள் பேசி எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்துதான் மின்சாரம் ஓடும். 65 வொட் சார்ஜரை 18 வொட் போனுக்குக் குத்தினாலும் போன் 18ஐத்தான் எடுக்கும். அவசரம் என்றால் தயங்காமல் போடுங்கள். இரவு முழுக்க நேரம் இருக்கிறது என்றால் பழைய மெதுவான சார்ஜரே போதும்.

வயர்லெஸ் சார்ஜிங்கும் இதே கணக்குதான், சூடு இன்னும் கொஞ்சம் கூட. போன் தட்டில் சரியாக நடுவில் உட்காராவிட்டால் இன்னும் கூடும்.

"புறக்கோட்டையில வாங்கின மலிவுச் சார்ஜர். சார்ஜும் ஏறுது. என்ன குறை?"

ஏறுகிறதா என்பது கேள்வி இல்லை. 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் இடையில் உள்ளே என்ன தடுப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு அறிகுறி சொல்கிறேன். சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை சொன்ன சொல் கேட்காது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும், எழுத்துகள் தானாக விழும். வயரைப் பிடுங்கினால் சரியாகிவிடும். அப்படியானால் அந்தச் சார்ஜர் சுத்தமான மின்சாரம் கொடுக்கவில்லை. போனின் உலோக விளிம்பில் விரல் வைத்தால் கிறுகிறு என்று உணர்வதும் நல்ல அறிகுறி இல்லை. எல்லா மலிவுச் சார்ஜரும் கூடாது என்று சொல்ல மாட்டேன், நானும் விற்கிறவன்தான். பெயர் தெரிந்த, உத்தரவாதம் எழுதித் தருகிற ஒன்றை எடுங்கள்.

பிளக்கையும் பாருங்கள். இப்போது இங்கே நியமம் 13 அம்பியர் சதுர முள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியின் பழைய வீடுகளில் இன்னும் உருண்டை முள் ஓட்டைகள்தான். நடுவில் ஒரு அடப்டர், அதில் இன்னொரு மல்டி பிளக், அதில் தொங்கும் சார்ஜர் என்று கோபுரம் கட்டி வைத்திருப்பார்கள். அது ஆடும், பொறி தட்டும், சுடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும்போது சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள்.

"மகள் கனடாவில. வீடியோவில வந்தா ரெண்டு மணித்தியாலம் நிப்பா. சார்ஜ்ல போட்டுக்கொண்டு கதைக்கலாமோ?"

நல்ல சார்ஜர் என்றால் ஆபத்து இல்லை. ஆனால் சூட்டுக்கு அதைவிடப் பெரிய காரணமும் இல்லை. கமரா, திரை, இணையம், ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, அதற்கு மேல் சார்ஜும் ஏறுகிறது.

கோல் வருவதற்கு முன்பே சார்ஜ் ஏற்றி வையுங்கள். மொபைல் டேட்டாவை விட வைஃபையில் கதைத்தால் செலவு குறைவு. போனைக் கையில் பொத்திப் பிடிக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், மேலே ஃபேன் காற்று பட்டால் இன்னும் நல்லது. முகம் பார்த்து முடிந்த பிறகு, சமையல் பற்றிக் கதைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காவது கமராவை நிறுத்தலாம். இதை நான் சொன்னபோது அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சட்டியைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

"திரீவீலர் ஓடுறன். நாள் முழுக்கப் போன் முன்னால ஸ்டாண்டில. மத்தியானம் திரை மங்குது, சார்ஜும் ஏறுதில்லை."

போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஐபோனுக்குச் சொல்லப்பட்ட பாவனை வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. கொழும்பில் மார்ச், ஏப்ரலில் நிழலிலேயே அதற்குக் கிட்ட வந்துவிடும். வெயில் நேரே விழும் கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புக் கவருக்குள், வரைபடம் ஓட, சார்ஜ் ஏற என்றால் எங்கே போகும்? எல்லை தாண்டியதும் திரையை மங்கவைக்கும், சார்ஜை நிறுத்தும். திரீவீலர், டெலிவரி ஓடுகிறவர்களின் பற்றரிதான் என்னிடம் மிகக் கெதியாக மாற்ற வருகிறது.

ஸ்டாண்டை வெயில் விழாத பக்கத்துக்கு, காற்றுப் படும் உயரத்துக்கு மாற்றுங்கள். ஹயர் இல்லாத நேரம் திரையை அணையுங்கள். சார்ஜை மத்தியானத்தில் வைத்துக்கொள்ளாமல் காலையிலும் வெயில் சாய்ந்த பிறகும் போடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சுட்ட போனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒருவர் சோடாப் போத்தல்களுக்கு இடையில் வைத்துவிட்டு வந்தார். உள்ளே ஈரம் கோத்து, பற்றரியோடு போர்டும் போய்விட்டது.

"கரண்ட் போற நேரத்துக்கு ஒரு பவர் பாங்க். பத்தாயிரம் எடுத்தா ஐயாயிரம் போனை ரெண்டு தரம் ஏத்தலாம்தானே?"

ஏற்ற முடியாது. கிட்டத்தட்ட ஒன்றரைத் தரம். பெட்டியில் எழுதியிருக்கும் 10,000 எம்ஏஎச் (கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்பது உள்ளே இருக்கும் பற்றரியின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வொட் மணித்தியாலம். அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போதும், போனுக்குள் திரும்ப இறக்கும்போதும் கால்வாசி வரை சூடாகப் போய்விடும். 5,000 பற்றரி உள்ள போனுக்கு ஏறக்குறைய 19 வொட் மணித்தியாலம் வேண்டும். நீங்களே பிரித்துப் பாருங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்தபோது இந்தக் கணக்கை எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தோம். பிறகு மறந்துவிட்டோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டபோது, அலுமாரிக்குள் இருந்த பவர் பாங்க் எல்லாம் வெறுமையாகக் கிடந்தது. மாதம் ஒருமுறை ஏற்றி வையுங்கள். நீண்ட மின்வெட்டில் கோபுரங்களின் மாற்று மின்சாரமும் தீரத் தொடங்கினால் சிக்னல் மெலியும், அப்போது கெய்சர் வீதித் தம்பியின் கதைதான் உங்கள் கதையும். பவர் சேவிங்கைக் கரண்ட் போன உடனேயே போட்டுவிடுங்கள், பத்து வீதத்தில் இல்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: பவர் பாங்க் கைப்பையில்தான் போக வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வொட் மணித்தியாலம் வரை, அதாவது ஏறத்தாழ 27,000 எம்ஏஎச் வரை, பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை.

"வயர் புதுசு, சார்ஜரும் புதுசு. ஆனா அங்க இங்க ஆட்டினாத்தான் சார்ஜ் ஏறுது."

பிரச்சினை பற்றரியில் இல்லை, வயர் குத்தும் ஓட்டையில். சட்டைப்பை நூலும் தூசும் உள்ளே அடைந்து, வயர் குத்தும்போதெல்லாம் இறுகி, ஒரு மெல்லிய பாய் மாதிரிப் படிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பற்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம். என் கடையில் இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலை இது. பற்றரி மாற்ற வந்து பற்குச்சியோடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று வேறு. உள்ளே உலோகத்தில் பச்சை பிடித்திருந்தால் நீங்கள் தொடாதீர்கள். "ஈரம் உள்ளது" என்று போன் காட்டினால் காயும்வரை சார்ஜ் போட வேண்டாம். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், மாவும் துகளும்தான் உள்ளே போகும்.

"இருபது வீதம் காட்டிக்கொண்டிருக்கேக்கயே பொசுக்கெண்டு நிக்குது. பிறகு சார்ஜ்ல போட்டா திரும்ப இருபது!"

பற்றரி வயதாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்ளே தடையும் கூடுகிறது. தண்ணீர் தொட்டியில் இருக்கிறது, ஆனால் குழாயில் பாசி பிடித்துவிட்டது என்று வையுங்கள். மெதுவாகத் திறந்தால் வரும். கமராவைத் திறந்த அந்த நொடியில் போன் அதிகம் கேட்கிறது, குழாயால் கொடுக்க முடியவில்லை, வோல்ட் விழுகிறது, போன் அணைகிறது. இப்படித் திடீரென்று அணைவதைத் தடுக்கத்தான் ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. சொல்லாமல் செய்ததால் 2017 டிசம்பரில் பெரிய பிரச்சினையாகி, பற்றரி மாற்றும் விலையை இறக்க வேண்டியதாயிற்று.

அளவுமானி பிழையாகக் காட்டுவதாலும் சில நேரம் இப்படி வரலாம். ஒரே ஒரு தரம் தானாக அணையும்வரை விட்டு, இடையில் எடுக்காமல் நூறு வரை ஏற்றிப் பாருங்கள். முழுசாக இறக்காதீர்கள் என்று முதலில் சொன்னதற்கு இது விதிவிலக்கு, மாதாமாதம் செய்யும் சடங்கு இல்லை. அப்படியும் அணைந்தால் பற்றரியை மாற்றுங்கள்.

"மாத்துற நேரம் வந்துட்டெண்டு எப்பிடித் தெரியும்?"

ஐபோனில் செட்டிங்ஸ், பற்றரி, பற்றரி ஹெல்த் என்று போனால் வீதம் காட்டும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பரிசோதனை இருக்கிறது. 80க்குக் கீழே என்றால் மாற்றலாம் என்பது பொதுவான எல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் பற்றரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் 78 என்று காட்டினாலும் நாள் முழுக்கத் தாங்குகிறதென்றால் விடுங்கள். அந்த எண்ணைத் தினமும் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"நீங்க போடுறது ஒரிஜினலா? இன்னொரு கடையில அதே போனுக்கு ஆறாயிரம் எம்ஏஎச் இருக்காம்."

அதே அளவுப் பெட்டிக்குள் 4,000 இருந்த இடத்தில் 6,000 வராது. லேபிளில் எதையும் அச்சடிக்கலாம். நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். விலை குறைவு என்று ஒரு விநியோகஸ்தரிடம் இருபது பற்றரி எடுத்தேன். நாலு மாதத்துக்குள் ஐந்து திரும்பி வந்தன, இரண்டு ஊதியே விட்டன. எல்லாருக்கும் என் செலவில் வேறு போட்டுக் கொடுத்தேன்.

கேட்க வேண்டியது "ஒரிஜினலா" என்று இல்லை, எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். எத்தனை மாத உத்தரவாதம், பில்லில் எழுதித் தருவீர்களா, நீர் புகாத பசையைத் திரும்பப் போடுவீர்களா என்று கேளுங்கள். ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் வந்தவற்றில் ஆப்பிளுடையதல்லாத பற்றரி போட்டால் "தெரியாத பாகம்" என்ற மாதிரி ஒரு செய்தி வரும். அது வந்தாலே பற்றரி கூடாது என்று இல்லை. வரும் என்பதை முன்கூட்டியே சொல்லாத கடைதான் கூடாது.

"பின் மூடி ஒரு பக்கம் எழும்பி நிக்குது. அமத்தி டேப் ஒட்டினா சரிதானே?"

அமர்த்தவே வேண்டாம். பற்றரி ஊதியிருக்கிறது. உள்ளே இரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். 2016இல் சாம்சங் நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது பற்றரிக் குறையால்தான், அவை புதுப் போன்கள். சார்ஜைப் பிடுங்குங்கள், போனை அணையுங்கள், துணியோ காகிதமோ இல்லாத இடத்தில், சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு, திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். பையில் மற்ற சாமான்களோடு நெருக்கி அடைக்காதீர்கள். பார்த்துப் பார்த்து "இன்னும் ஒரு கிழமை" என்று தள்ளுகிறவர்களுக்கு மட்டும் நான் கடையில் குரலை உயர்த்துவேன்.

கழற்றிய பழைய பற்றரியைக் குப்பைப் பையில் போடாதீர்கள். குப்பை லொறி நசுக்கும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மின்கழிவு சேகரிக்கும் இடங்களுக்குக் கொடுங்கள், அல்லது மாற்றிய கடையிலேயே விட்டுவிடுங்கள்.

"அலுமாரிக்குள்ள நல்ல போன் ஒண்டு ரெண்டு வருசமா கிடக்கு. இப்ப உயிரே இல்லை."

வெறுமையாக வைத்திருப்பீர்கள். அணைத்து வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மிகக் கீழே போனால் பற்றரியின் காப்புச் சுற்று சார்ஜை ஏற்க மறுத்துவிடும். சாதாரண சார்ஜரில் ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள், சிலது எழும்பும். எழும்பாவிட்டால் பற்றரி மாற்ற வேண்டியதுதான், உள்ளே இருக்கும் படங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அடுத்த முறை பாதிச் சார்ஜில் அணைத்து, வெயில் படாத தட்டில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாதிக்கு ஏற்றுங்கள்.

"போன் சார்ஜ் போட்டே கரண்ட் பில் ஏறுதெண்டு வீட்டுக்காரர் சொல்றார்."

ஒரு முழுச் சார்ஜுக்குச் சுவரிலிருந்து போவது இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 25 வொட் மணித்தியாலம். ஒரு யூனிட் என்பது 1000. ஆக, ஒரு யூனிட்டில் நாற்பது தரம் ஏற்றலாம். தினமும் முழுதாக ஏற்றினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட் வராது. வீட்டுக்காரரிடம் ஏசியைப் பற்றிக் கேளுங்கள்.

"அஞ்சு வருசப் போன். பற்றரி மாத்துறதா, புதுசு வாங்குறதா?"

போன் உங்கள் வேலைக்குப் போதுமா, பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஆம் என்றால் பற்றரி. வங்கி ஆப் பாவிக்கிற ஒருவருக்கு அப்டேட் நின்று வருடமாகியிருந்தால், பற்றரிக்குக் காசு வாங்க எனக்கே மனம் வராது. கோல் எடுக்கவும் வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் மட்டும் என்றால் மாற்றிக்கொண்டு போங்கள். காலையில் தந்தால் பின்னேரம் ஐந்துக்கு எடுக்கலாம். வரும்போது கடவுச்சொல்லையும், மறக்காமல் பழைய சார்ஜரையும் கொண்டுவாருங்கள், அதையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.